ஜெர்மனியில் பிசியோதெரபிக்கு மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம். பிசியோதெரபிப் படிப்பைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக்க வேண்டும் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

ஜெர்மனியில் பிசியோதெரபிஸ்ட் ஆகப் பெரும்பாலோர் பல்கலைக்கழகம் போவதில்லை. தொழிற்பள்ளியில் மூன்றாண்டு படித்து அரசுத் தேர்வு எழுதுகிறார்கள். 2,900 மணி நேரம் வகுப்பு, 1,600 மணி நேரம் நோயாளிகளோடு பயிற்சி. இதைக் குறைந்த படிப்பென்று யார் சொல்ல முடியும்?

இத்தனை படித்தவர், கழுத்து பிடித்துக்கொண்டு வருபவருக்கு அரசுக் காப்பீட்டுச் செலவில் சிகிச்சை தர மருத்துவர் சீட்டு வேண்டும். பக்கத்து நெதர்லாந்திலோ 2006 முதலே நோயாளி நேராகப் போகலாம். முதுகுவலியோடு அந்தச் சீட்டுக்காக நான் காத்திருந்த நாட்களில் குனிந்து செருப்புப் போடக்கூட முடியவில்லை.

சீட்டுக் கட்டாயத்தை முதலில் நீக்குங்கள். பட்டப்படிப்பாக்குவதை அடுத்துப் பேசலாம்.

— ஒரு வாசகர், டோர்ட்முண்ட்