முதல் ஆயில்

நாமக்கல்
ஜூலை 12

அன்புள்ள மாப்ளே,

தை மாதம் புதுக் கார் எடுத்த அன்று போட்டோ அனுப்பினேன். நீ பதிலுக்கு மூன்று கேள்வி கேட்டிருந்தாய். ஒன்றுக்கும் இன்றுவரை பதில் போடவில்லை. தப்பு என் மேல்தான். பொதுத்தேர்வு, விடைத்தாள் திருத்தம், அப்புறம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஆறு மாதம் ஓடிவிட்டது. அம்மா இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். உன்னைத்தான் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.

கலர் வெள்ளைதான், நீ சொன்ன சிவப்பு இல்லை. மைலேஜ் ஊருக்குள் 14, மெயின் ரோட்டில் 20. ஃபேக்டரியில் ஊற்றிக் கொடுத்த எஞ்சின் ஆயிலைப் பற்றிய மூன்றாவது கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்: "முதல் ஆயில் எப்ப மாத்தப்போறே?" நீயும் ஆவணியில் வண்டி எடுக்கப்போவதாகத் தங்கச்சி சொன்னாள். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீ லாரிக் கதைக்குப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி.

வண்டி வந்த மறுநாளே மேஸ்திரி அண்ணன் பார்க்க வந்தார். மெக்கானிக் பட்டறையை மகனிடம் விட்டு நாலு வருஷம் ஆகிறது, ஆனால் தோளில் அந்த வேஸ்ட் துணி இன்னும் கிடக்கிறது. பெயிண்டைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்க்கவில்லை, நேராக பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஆயில் அளவு பார்க்கிற ஸ்டிக்கை உருவினார், துடைத்தார், மறுபடி விட்டு எடுத்தார். நுனியில் தொங்கிய சொட்டை ஆள்காட்டி விரலில் வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்தார். தேன் நிறம். விரலைப் பிரித்தபோது இழையே இழுக்கவில்லை. "என்ன கண்ணு, தண்ணியாட்டம் இருக்குது?" என்றார். இந்த எஞ்சினுக்கு 0டபிள்யூ-20 என்கிற மெலிசான கிரேடுதான் என்று கையேட்டைக் காட்டினேன். அவர் வாழ்நாள் முழுக்கக் கெட்டியான 20டபிள்யூ-40 ஊற்றிய கை. தலையை ஆட்டிவிட்டு, "அது எதா வேணா இருக்கட்டும். ஆயிரம் கிலோமீட்டர்ல இறக்கிப்போட்டுரு. முதல் ஆயிலை உள்ள வெச்சிருக்கக் கூடாது" என்றார்.

அவர் சொன்னால் எனக்கு அது சட்டம் மாதிரி. உனக்கும்தான். ஒன்பதாம் வகுப்பு லீவில் அந்த உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கின காந்தத்தை வைத்து நாம் என்ன செய்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா? சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, உள்ளே ஸ்லீவ் என்கிற உறையை இறக்கி, பிஸ்டன் ரிங் மாற்றி ஓட விட்ட லாரி எஞ்சின், 500 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தது. ஆயிலைத் தகர டப்பாவில் இறக்கினார். வெயிலில் வைத்தால் மீன் செதில் மாதிரி பளபளவென்று மின்னியது. காந்தத்தை விட்டு எடுத்தபோது அதில் கருப்பாக மீசை முளைத்திருந்தது. நீ அதை வழித்துக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கே கொண்டுபோனாய். அதை நேரில் பார்த்தவனிடம் போய், கம்பெனிக்காரர்கள் முதல் ஆயில் பத்தாயிரம் கிலோமீட்டர் வரை கிடக்கட்டும் என்றால் எப்படி மனசு கேட்கும்?

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். மாமாவின் லாரி பரமத்தி தாண்டி நின்ற அன்று நாம் இருவரும் டிவிஎஸ்-50இல் போனோமே, அந்த மத்தியானம் எனக்கு இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது. இந்த டிரிப் முடியட்டும், அடுத்த டிரிப் முடியட்டும் என்று தள்ளிப் போட்ட ஆயில். பிரஷர் காட்டுகிற முள் முன்னாலேயே செத்துப்போயிருந்தது. பேரிங் உருகிப் பிடித்து எஞ்சின் ஜாம். மாமா புளியமரத்தடியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, நம்மைப் பார்த்து, "சாப்பிட்டீங்களாடா?" என்று மட்டும் கேட்டார். அந்த லாரியை மீட்க முடியாமல்தான் நீ டிப்ளமோவைப் பாதியில் விட்டாய். இதெல்லாம் மற்றவர்களுக்கு வெறும் ஆயில். நமக்கு அப்படி இல்லை. அதனால்தான் இவ்வளவு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் இலவச சர்வீஸ் 1000 கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம், எது முந்துகிறதோ அது. எனக்கு மாதம்தான் முந்தியது, மீட்டரில் 412தான். ஆயில் மாற்றச் சொன்னேன். அங்கிருந்த தம்பி, "சார், இதுல செக்கப் மட்டும்தான். ஆயில் பத்தாயிரத்துல" என்றார். டயர் காற்று, எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் பார்த்து, வண்டியைக் கழுவிக் கொடுத்தார்கள். கூடவே எஞ்சினுக்குள் ஊற்றுகிற டப்பா ஒன்று, அடிப்பக்கக் கோட்டிங் ஒன்று, இரண்டும் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம் என்று ஒரு சீட்டு நீட்டினார்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. கேட்ட ஆயிலை வேண்டாம் என்பவர்கள் கேட்காத டப்பாவை ஏன் விற்கிறார்கள்? கையேட்டில் சொல்லாத எதையும் உன் புது எஞ்சினில் ஊற்ற விடாதே மாப்ளே. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

ஆனால் அந்தத் தம்பி ஆயிலைப் பற்றிச் சொன்னதில் பாதி சரி என்பது வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படித்தபோது புரிந்தது. நாம் காந்தம் விட்டது லேத் பட்டறையில் போர் போட்ட எஞ்சின். அங்கே சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்க்கிற ஹோனிங் முடிந்ததும் டீசலில் கழுவித் துணியால் துடைப்பதோடு சரி. சொரசொரப்பெல்லாம் ஓட ஓடத் தேய்ந்து ஆயிலில்தான் இறங்க வேண்டும். இப்போதைய ஃபேக்டரியில் சிலிண்டர் சுவரின் மேடுகளை மெஷினே மழித்துவிடுகிறது. அதிக பிரஷரில் கழுவுகிறார்கள். மிச்சமாகத் தேய்ந்து வருகிற கொஞ்சத்தையும் ஃபில்டர் பிடித்துக்கொள்ளும்; தலைமுடியில் பாதி கனமுள்ள துகளைக்கூட அது பிடிக்கும். ஹோண்டா அமெரிக்காவில் விற்கிற வண்டிகளுக்கு, ஃபேக்டரியில் ஊற்றிய ஆயிலை முன்கூட்டியே மாற்றாதீர்கள் என்றே சொல்கிறது. ஆகவே ஆயிரத்தில் மாற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாற்றினால் பெரிய கெடுதல் என்றும் நான் சொல்லமாட்டேன். மூன்று லிட்டர்ச் சொச்சம் ஆயில், ஒரு ஃபில்டர், அவ்வளவுதான் செலவு.

தண்ணியாட்டம் இருக்கிற ஆயில் விஷயமும் அப்படித்தான். முன்னால் இருக்கிற எண்ணும் டபிள்யூவும் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு, பின்னால் இருக்கிற எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதற்கு. நம்மூரில் ஏது குளிர் என்று நானும் நினைத்தேன். ஆனால் எஞ்சினுக்கு நாமக்கல் காலை வெயிலே குளிர்தான். 30 டிகிரியில் இருக்கிற ஆயில், ஓடிச் சூடான ஆயிலைவிடப் பல மடங்கு கெட்டி. சாவி போட்ட முதல் சில நொடியில் அது மேலே வால்வு வரைக்கும் ஏற வேண்டும், அதற்குத்தான் இந்த மெலிசு. இதை மேஸ்திரி அண்ணனிடம் சொன்னேன். "அப்படியா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

அப்படியானால் பத்தாயிரம் வரை விட்டுவிடலாமா? இங்கேதான் கையேட்டின் கடைசிப் பக்கம் வருகிறது. பத்தாயிரம் என்கிற எண்ணை எல்லாரும் சொல்கிறார்கள். "அல்லது 12 மாதம்" என்பதைப் பாதிப் பேர் சொல்வதில்லை. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிற பட்டியலை யாருமே சொல்வதில்லை. தூசி நிறைந்த ரோடு, நின்று நின்று போகிற டிராஃபிக், நிறுத்திய இடத்திலேயே ரொம்ப நேரம் எஞ்சின் ஓடுவது, அடிக்கடி குறைந்த தூரம் மட்டும் ஓட்டுவது, இவற்றில் எது இருந்தாலும் பாதியில் மாற்று என்கிறது. அதாவது 5000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம்.

என் ஓட்டம் என்ன? வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 4 கிலோமீட்டர், பத்து நிமிஷம். திரும்பி வர 4. முதலில் கூலன்ட் சூடாகும், அதற்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் ஆயில் சூடாகும். அந்தச் சூடு வருவதற்குள் நான் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிடுகிறேன். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பெட்ரோலைக் கூடுதலாகப் பீச்சும். எரியாத மிச்சம் ரிங் வழியாக ஆயிலில் இறங்கும். பெட்ரோல் எரிந்தால் உண்டாகிற நீராவியும் ஆறின சுவரில் பட்டுத் தண்ணீராகி அதிலேயே சேரும். நல்ல சூட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் இரண்டும் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். நாலு கிலோமீட்டரில் எங்கே போகும்?

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். மேஸ்திரி அண்ணன் மூக்காலேயே கண்டுபிடித்தார், மாப்ளே! ஜூனில் பள்ளி திறந்து மூன்று வாரம், வேறெங்கும் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு மட்டுமே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் வந்தவர், வழக்கம்போல ஸ்டிக்கை உருவினார். இந்தத் தடவை தேய்க்கவில்லை. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். லேசாகத்தான், ஆனால் சந்தேகமே இல்லாமல் பெட்ரோல் வாடை. "வண்டியை வெளிய கொண்டுபோறதே இல்லியா கண்ணு?" என்று கேட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எழுபது வயசில், தனக்குப் பழக்கமில்லாத எஞ்சினில், கையேட்டின் கடைசிப் பக்கத்தை ஒரே மோப்பத்தில் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கொல்லிமலைக்குப் போனோம். காரவள்ளி தாண்டி 70 கொண்டை ஊசி வளைவும் இரண்டாவது கியரிலும் மூன்றாவதிலும், அவசரமில்லாமல் ஏறினேன். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, அன்னாசிப்பழம் வாங்கிக்கொண்டு இறங்கினோம். மறுநாள் ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தேன், வாடை ரொம்பக் குறைந்திருந்தது. இப்போது வாரம் ஒரு தடவை சேலம் ரோட்டில் ஒரு மணி நேரமாவது ஓட்டிவிடுகிறேன்.

இனி உன் கணக்கு. நீ எனக்கு நேர் எதிர் என்று நினைத்துக்கொண்டிருப்பாய், இல்லை. ஆபீஸுக்கு 18 கிலோமீட்டர், பெங்களூரு டிராஃபிக்கில் சில்க் போர்டு தாண்டிப் போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் என்கிறாய். அப்படியென்றால் மணிக்கு 12 கிலோமீட்டர். 5000 கிலோமீட்டர் ஆகும்போது உன் எஞ்சின் 400 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். நாமக்கல்-சேலம் ரோட்டில் அதே 5000 கிலோமீட்டருக்கு 90 மணி நேரம்தான். மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆயிலுக்குத் தெரிந்தது ஓடின நேரம், சூடு, அதில் கலந்த அழுக்கு, இவ்வளவுதான். ஆகவே நீயும் 5000 அல்லது ஆறு மாதம் என்றே வைத்துக்கொள். பத்தாயிரம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. வாரண்டி இருக்கிறவரை கம்பெனி சர்வீஸிலேயே மாற்று, கையேட்டில் போட்ட கிரேடையே ஊற்றச் சொல், பில்லைப் பத்திரமாக வை. முதல் ஆயிரம் வரை ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்காதே, ஒரே வேகத்திலும் இழுத்துக்கொண்டு போகாதே. மாதம் ஒரு தடவை சமமான தரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து ஸ்டிக்கைப் பார். ஆயில் கருப்பாகிவிட்டால் பதறாதே, அழுக்கைத் தன்னோடு சேர்த்துக்கொள்வது அதன் வேலை. அளவு குறைந்தாலோ ஏறினாலோதான் யோசிக்க வேண்டும்.

நான் வருகிற சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். 2,340 கிலோமீட்டர்தான் ஆகியிருக்கிறது, ஆனால் ஆறு மாதம் முடிகிறது. மேஸ்திரி அண்ணனிடம் ஆயிரத்தில் மாற்றவில்லை, இப்போதுதான் மாற்றுகிறேன் என்று சொல்லப் போனபோது உள்ளுக்குள் உதறல்தான். திண்ணையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஃபில்டரும் சேர்த்துத்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "ஆயில் இறக்குற டிரெயின் பிளக்குக்கு வாஷர் புதுசு போடச் சொல்லு. நானும் வர்றேன்" என்றார்.

பழைய ஆயிலில் ஒரு டம்ளர் பிடித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். பட்டறை மேஜை டிராயரில் நம் காந்தம் இன்னும் கிடக்கிறதாம், அதையும் எடுத்துக்கொண்டு வருகிறார். பிஸ்டன் அலுமினியம், அது காந்தத்தில் ஒட்டாது. ரிங்கும், சிலிண்டர் உறையான லைனரும் ஒட்டும். என்ன வந்தது என்று சனிக்கிழமை ராத்திரியே போட்டோ அனுப்புகிறேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று எழுது. வண்டி எடுக்கிற தேதி முடிவானதும் சொல், நான் பஸ் ஏறி வந்துவிடுகிறேன். முதல் தடவை ஸ்டிக்கை நாம் சேர்ந்தே உருவிப் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் மாப்ள