திறனறியும் தேர்வுக்கு மதிப்பெண் வேலி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு முடிவுகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். ஏழை மாணவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 12,000 ரூபாய் வழங்கும் அருமையான திட்டம் இது. ஆனால், பாடப்புத்தகத்துக்கு வெளியே நின்று சிந்திக்கும் ஆற்றலை அளக்கவென்றே 90 வினாக்களில் மனத்திறன் தேர்வு ஒன்றை வைத்துவிட்டு, அதை எழுதவே ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் (பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 50) வேண்டும் என்பது முரணாக இருக்கிறது.

கிராமப்புற அரசுப் பள்ளியொன்றில் கணித ஆசிரியராக இருந்தபோது, விதிப்படி நான் இத்தேர்வை எழுதுவோர் பட்டியலில் சேர்க்காத கடைசி வரிசை மாணவன் ஒருவன், பக்கத்தில் இருந்தவனின் பயிற்சித் தாளை எட்டிப் பார்த்து, எண் தொடர் வினாக்களுக்கு என்னைவிட விரைவாக விடை சொன்னான். ஆட்டுச் சந்தைக்குத் தந்தையுடன் போய்வந்ததில் பள்ளி நாள்கள் பல தவறி, மதிப்பெண்ணும் குறைந்திருந்தது. அந்த ஆண்டு அவன் தேர்வு எழுதவில்லை. ஆகவே, எட்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே எல்லா மாணவர்களுக்கும் பழைய மனத்திறன் வினாத்தாள் ஒன்றைப் பள்ளியிலேயே கொடுத்துப் பார்த்து, அதில் தேறுவோருக்கு மதிப்பெண் வரம்பைத் தளர்த்துமாறு பள்ளிக் கல்வித் துறை மத்திய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

— ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம்