ஜெபம் வராத நாட்களில் கூட இருந்தவர்களுக்கு

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கும் சேகரத்துப் போதகர் ஐயாவுக்கும் ஸ்தோத்திரம்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, டயாலிசிஸ் ஆரம்பித்து வருகிற வாரத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். எங்களைத் தாங்கினவர்களுக்கு வீடு வீடாக வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. வந்தால் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன்.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலம் தொடங்கி ஏறக்குறைய ஐந்து மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. கோயிலுக்கு வந்தேன், முக்காடு போட்டு முழங்காலில் நின்றேன்; உள்ளே ஒன்றும் இல்லை. ஆண்டவர் இருக்கிறாரா என்றே சந்தேகம் வந்தது. பதினாறு வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் வசனம் சொல்லிக்கொடுத்தவள் இதை யாரிடம் போய்ச் சொல்வது? அந்த நேரம் பார்த்து, வெளியூரிலிருந்து ஜெபிக்க வந்த ஒருவர், இந்த வீட்டில் அறிக்கை செய்யாத பாவம் இருக்கிறது, விசுவாசம் இருந்தால் சுகம் கிடைத்திருக்கும் என்று இவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி இவர் சாப்பிடவில்லை.

மறுநாள் நம் ஐயா வந்தார்கள். "எனக்கு ஜெபமே வரலை ஐயா" என்றேன். புத்தி சொல்வார்கள் என்று நினைத்தேன். 88-ஆம் சங்கீதத்தை எடுத்து மெதுவாக வாசித்தார்கள். புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு துதி வரும். அதில் அதுவும் கிடையாது, இருட்டோடேயே முடிகிறது. "இதுவும் வேதத்துலதாம்மா இருக்கு" என்றார்கள். அப்புறம் இயேசுவின் சீஷரான தோமாவைப் பற்றிப் பேசினார்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவரின் காயத்தில் விரலை இட்டாலொழிய நம்பமாட்டேன் என்ற தோமாவை மற்ற பத்துச் சீஷர்களும் வெளியே தள்ளவில்லை. எட்டு நாள் கழித்து ஆண்டவர் மறுபடி வந்தபோது அவரும் அந்த வீட்டுக்குள்தான் இருந்தார். யோவான் 20-ஐ எத்தனையோ தடவை பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன், இது என் கண்ணில் பட்டதே இல்லை. "நீங்க உள்ள இருங்க, போதும். ஜெபத்தை நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்கள்.

அப்படியே பார்த்துக்கொண்டீர்கள்.

பக்கத்து வீட்டு மதினி, காயை நறுக்கி வேகவைத்து, பொட்டாசியம் இறங்கட்டும் என்று அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, உப்புக் குறைத்துத் தாளித்துக் கொண்டுவந்தார்கள். எங்களுக்கே பிடிபடாத கணக்கை அவர்கள் நர்ஸிடம் கேட்டுப் படித்துக்கொண்டார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் நின்ற ஆட்டோ அண்ணன், ஒரு நாளும் என்னை ஹாரன் அடித்துக் கூப்பிட்டதில்லை. இடையன்குடிப் பெரியப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் நான்கு மணி நேரமும் கூடவே உட்கார்ந்திருப்பார். "எங்க கோயில 1847-ல ஆரம்பிச்சு 1880-லதான் பிரதிஷ்டை பண்ணினாங்க. அதைக் கட்டின கால்டுவெல் ஐயர் 33 வருஷம் பொறுத்தாரே" என்பார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது தோன்றும். ஆனாலும் அவர் சொல்லாத நாள் எனக்கு என்னவோ போலிருக்கும்.

இவர் இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்திருக்கிற இடத்தில் விரல் வைத்தால், பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு. அது இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆகஸ்டில் ஒரு ராத்திரி அப்படித் தொட்டுக்கொண்டிருந்தபோதுதான், மாற்கு 9-இல் தன் பிள்ளையைச் சுகமாக்கச் சொல்லி இயேசுவிடம் வந்த தகப்பன் கதறியது என் வாயில் வந்தது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அவ்வளவுதான். இன்றைக்கும் பாதி நாள் அதுதான் என் ஜெபம்.

இவருக்குச் சுகமாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. வருகிற புதன்கிழமையும் போகவேண்டும். நீங்கள் எல்லாரும் செய்ததற்கு ஆண்டவர்தான் உங்களுக்குப் பதில் செய்யவேண்டும், எங்களால் முடியாது.

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற இந்த வருஷ அசன விருந்துக்கு இரண்டு பேரும் வருகிறோம். இவருக்குச் சோறும் கறியும் அளவாக, ரசம் வேண்டாம். முந்தின நாள் ராத்திரி வெங்காயம் உரிக்க என்னைக் கூப்பிடுங்கள்.

உங்கள் சகோதரி