செவலையின் தட்டுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

அன்புள்ள கறிக்கடை அண்ணனுக்கும், மீன்கார அக்காவுக்கும், டாக்டர் ஐயாவுக்கும், காப்பக அக்காவுக்கும், கீழ்வீட்டு அத்தைக்கும்,

வணக்கம். நாங்கள் தத்தெடுத்து வந்த நாய் செவலை முழுக்கப் பச்சைக்கறிக்கு மாறி இன்றோடு 90 நாள். கறியை வாங்கித் தட்டில் போட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. அதற்கு முன் எத்தனை பேர் குறுக்கே நின்று “பொறுங்க” என்று சொல்ல வேண்டியிருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குத்தான் இந்த மடல். அடுத்து நாய் எடுக்கப்போகிறவர்களுக்கும் உதவட்டும் என்று அளவுகளையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதல் நன்றி நாய்க் காப்பக அக்காவுக்கு. செவலை காலையில் என்ன தின்பாள், ராத்திரி என்ன தின்பாள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தீர்களே, அதையே 14 நாள் மாற்றாமல் வைத்தோம்: தயிர் சோறும் வேகவைத்த கோழியும். புது வீட்டுக்கு வந்த பயத்திலேயே நாய்க்கு வயிறு கழியும். அந்த வாரமே சாப்பாட்டையும் மாற்றிவிட்டால், பேதி பயத்தாலா, கறியாலா, பூச்சியாலா என்று யாராலும் சொல்ல முடியாது. சோறு நாய்க்கு விஷம் என்று சிலர் பேசுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. மனிதரோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நாய்க்குச் சோறு செரிக்கும்.

டாக்டர் ஐயா, நீங்கள் முதலில் வேண்டாம் என்றீர்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லேயே பச்சைக்கறி வேண்டாம் என்று கொள்கை வகுத்துவிட்டது. வேகவைத்துக் கொடுத்தாலே போதும் என்பதில் நீங்கள் இன்றும் மாறவில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் விரட்டாமல் நிபந்தனை போட்டீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை: தட்டணுக்கள், ஈரல், சிறுநீரகம். உண்ணிக் காய்ச்சல் உள்ளுக்குள் இருக்கும் நாய்க்கு உணவு மாற்றம் கூடவே கூடாது என்றீர்கள். அடுத்து மலப் பரிசோதனையும் குடற்புழு மருந்தும். ஈரல் மாதிரி பச்சை உறுப்பு தின்கிற வரை 6 வாரத்துக்கு ஒரு முறை பிராசிகுவான்டல் என்ற நாடாப்புழு மருந்து, எடைக்கேற்ற அளவில். இனி எங்கே ரத்தம் எடுத்தாலும் பச்சைக்கறி தின்கிற நாய் என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னதும் உதவியது. யூரியா கொஞ்சம் ஏறித் தெரிவதைப் பார்த்துப் பதறாமல் இருந்தோம்.

கறிக்கடை அண்ணாவுக்குத்தான் கடன் அதிகம். “கோழிக் கழுத்தை வெட்டாதீங்க, முழுசா குடுங்க” என்றதும் காரணம் கேட்காமலே கத்தியை வைத்துவிட்டீர்கள். குழம்புக்கு வெட்டுகிற மாதிரி குறுக்கே வெட்டினால் எலும்பு முனை ஊசியாக நிற்கும். வெந்த எலும்பு அதைவிட மோசம், சில்லுச் சில்லாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். பச்சைக் கோழிக் கழுத்தின் எலும்பு மிருதுவானது, மெல்ல மெல்ல நொறுங்கும். மாட்டுக் கால் எலும்பை நாங்கள் கேட்டபோதும், அதைக் கடித்துப் பல் பிளந்த நாய்களைப் பார்த்திருப்பதாகச் சொல்லித் தர மறுத்தீர்கள். அந்த மறுப்புக்குத் தனி நன்றி.

இன்னொன்றும் மறக்க முடியாது. ஒரு நாள் ஆட்டீரலைத் திருப்பிக் காட்டினீர்கள். ஓரத்தில் கோலிக்குண்டு அளவில் வெள்ளையாக ஒரு நீர்க்கொப்புளம். “இது நாய்க்கும் ஆகாதுங்க” என்று ஒதுக்கினீர்கள். எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் கட்டி அப்படித்தான் இருக்கும். நாய் தின்றால் அதன் குடலில் புழு வளரும். முட்டை மலத்தில் வெளியேறி, கை வழியாக நம் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலிலும் நுரையீரலிலும் அதே கட்டி வரும். அன்றிலிருந்து நுரையீரல் வாங்குவதே இல்லை. ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே 10 நாள் உறைந்த பிறகுதான் தட்டுக்கு வரும். உறையவைத்தால் சால்மோனெல்லா என்ற கிருமி சாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

கணக்கு இது. செவலை 14 கிலோ. வளர்ந்த நாய்க்கு எடையில் இரண்டரை சதவீதம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 350 கிராம். கோழிக் கழுத்து 100 கிராம் (அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் எலும்பு), எலும்பில்லாத கறி 215, ஈரல் 18, சுவரொட்டி 17. கோழி, மாட்டு இதயம், ஆட்டுக்கறி என்று கறியை மாற்றிக்கொள்ளலாம். இதயம் கறிக் கணக்கில்தான் வரும், உறுப்புக் கணக்கில் அல்ல. கழுத்து கிடைக்காத நாளில் கழுவி வறுத்து மாவாக அரைத்த முட்டை ஓடு, ஒரு கிலோ கறிக்கு ஒரு டீஸ்பூன். சுண்ணாம்புச் சத்தே இல்லாமல் வெறும் கறியை மாதக்கணக்கில் போட்டால், நாய் தன் எலும்பையே கரைத்துக்கொள்ளும். குட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, கால் வளைந்துவிடும். குட்டி வைத்திருப்பவர்கள் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

மாற்றிய விதம்: 15-ஆம் நாளிலிருந்து நாலு நாள் கால் பங்கு பச்சைக்கறி, மீதி பழைய சாப்பாடு; அடுத்த நாலு நாள் பாதி, அதற்கடுத்த நாலு நாள் முக்கால், பிறகு முழுவதும். அதுவரை பச்சைக்கறி என்றால் தோல் நீக்கிய கோழி மட்டும், வேறு கறி எதுவும் இல்லை. தோலோடு கொழுப்பும் வயிற்றுக்குள் போனால் சளி சளியாகக் கழியும், கணையமும் வீங்கலாம். ஈரல் ஐந்தாம் வாரம்தான், அதுவும் பட்டாணி அளவில் தொடங்கி. நாள் முழுதுக்குமான ஈரலை ஆசையாக முதல் நாளே போட்டவர்கள் விடியற்காலையில் தரை துடைப்பார்கள். மலம் சுண்ணாம்புக் கட்டியாக வெளுத்து உதிர்ந்தால் எலும்பு அதிகம், கருப்பாக இளகினால் உறுப்பு அதிகம். பசியில் காலையில் மஞ்சள் தண்ணீர் கக்கினால் ராத்திரிப் பங்கைக் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தால் போதும்.

தெருவில் போட்டி போட்டுத் தின்று பழகிய நாய் மெல்லாது, விழுங்கும். கழுத்து அப்படியே தொண்டையில் நின்றுவிடும். அதற்கு வழி சொன்னவர் கீழ்வீட்டு அத்தை. மூலையில் கிடந்த பழைய குழவியைத் தந்து, கழுத்தை ஒரு பையில் போட்டு நசுக்கச் சொன்னீர்கள். நாலு தட்டு தட்டினால் தட்டையாகிவிடுகிறது. (அந்தக் குழவி இனி செவலையுடையது. சட்னிக்குத் திரும்பக் கேட்காதீர்கள்.) கரண்ட் போய்வந்ததைக் கண்டுபிடிக்க நீங்கள் சொன்ன ஒரு ரூபாய் வித்தையும் பலித்தது: டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, மேலே நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விடுவது. ஊரிலிருந்து திரும்பி வந்தபோது நாணயம் அடியில் உறைந்து கிடந்தது. கறி முழுவதையும் வீசினோம்.

மீன்கார அக்கா, வாரம் இரண்டு நாள் மத்தி தருகிறீர்கள். பச்சையாகப் போடாமல் ஆவியில் வேகவைத்துத்தான் போடுகிறோம். சில மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது, வெந்தால் அது போய்விடும். கறியும் உறுப்பும் போதிய அளவு தராத டி வைட்டமின் மத்தியில்தான் வருகிறது. ஈ வைட்டமின் அதிலும் போதாது, அதற்கு டாக்டர் குறித்த மாத்திரை.

மாடிவீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அவர்கள் வாய்விட்டுக் கேட்கும் முன்பே இதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும். எவர்சில்வர் தட்டு, 20 நிமிடத்தில் மீதியை எடுப்பது, வெந்நீரும் சோப்பும், தின்ற வாயோடு யாரையும் நக்க விடாதது, மலத்தைக் கட்டித் தனிப் பையில் போடுவது எல்லாம் அவர்கள் கேட்டதால் வந்த ஒழுங்கு. கர்ப்பிணி, குழந்தை, கீமோ எடுப்பவர் இருக்கும் வீட்டில் பச்சைக்கறியே வேண்டாம் என்றுதான் சொல்வோம். அந்தப் பையை முகம் சுளிக்காமல் எடுத்துப்போகும் தூய்மைப் பணியாளர் அண்ணனுக்கும் நன்றி. இனி அதன் மேல் சிவப்பு நூல் கட்டியிருக்கும், கையுறை போட்டே எடுங்கள்.

கறிக்கடை அண்ணா, புரட்டாசி பிறந்தால் ஆடு அறுப்பது குறைந்துவிடும். ஆவணி முடிவதற்குள் 3 கிலோ கோழிக் கழுத்தும் அரைக் கிலோ சுவரொட்டியும் வேண்டும். சுவரொட்டி ஒரே நாளில் அவ்வளவு சேராது, கிடைக்கக் கிடைக்க எடுத்து வையுங்கள். ஞாயிறு காலை ஆறரைக்கு ஐஸ் டப்பாவோடு வருகிறோம்.

அன்புடன்,
செவலை வீட்டார்
உக்கடம், கோவை