கால் படாத காடு அல்ல, ஆடு மேயும் நிலம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்பெயினின் எக்ஸ்த்ரெமதூரா பகுதிக்குப் பறவை பார்க்கப் போவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாட்ரிட், பார்சிலோனாவை விட்டால் ஸ்பெயினே இல்லை என்று நம் பயணக் கட்டுரைகள் நினைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு தமிழ்ப் பத்திரிகை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே பெரிய விஷயம். ஆனால் "மனிதக் கால் படாத காடு" என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மகன் மாட்ரிடில் வேலை பார்ப்பதால் வசந்தத்திலும் குளிர்காலத்திலும் அங்கே போய் வந்திருக்கிறேன். ஊரை விட்டு வண்டி நகர்ந்ததும் மைல் கணக்கில் கண்ணில் படுவது தெஹேசா. ஓக் மரங்களை இடைவெளி விட்டு நிற்கவைத்து, நடுவில் புல் வளரவிட்டு, பல நூறு வருடங்களாக ஆடு, மாடு, பன்றி மேய்க்கிற நிலம் அது. புதரை வெட்டுவதும் கிளையைக் கழிப்பதும் மனிதர்கள்தான். கார்க் ஓக் மரத்தில் ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை பட்டையை உரித்து எடுக்கிறார்கள், மரம் சாவதில்லை, மறுபடி பட்டை வளர்கிறது. இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகள் விழத் தொடங்கினால் கறுப்புப் பன்றிகளை அவிழ்த்துவிடுவார்கள். அந்தப் பன்றித் தொடைதான் ஹாமோன் என்று பெரும் விலைக்கு விற்கிறது. அதே கொட்டையைத் தின்னத்தான் வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் ஜெர்மனிப் பக்கமிருந்தும் சாம்பல் நிறப் பெருங்கொக்குகள் குளிர்காலத்தில் வந்து இறங்குகின்றன, எக்ஸ்த்ரெமதூராவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். பன்றிக்காரர் தொழிலை விட்டுவிட்டு நிலத்தைப் புதர் மண்ட விட்டாலோ, மரத்தைத் தள்ளிவிட்டு வேறு எதையாவது நட்டாலோ கொக்குக்கு அங்கே என்ன வேலை?

வேறு எதையாவது நட்ட கதையும் அங்கே உண்டு. இன்று எல்லோரும் படம் எடுத்துப் போடுகிற மொன்ஃபிராகுவே மலைகளில் 1970களில் காகிதக் கூழுக்காக இருந்த மரங்களை அழித்து யூகலிப்டஸ் நட்டார்கள். யூகலிப்டஸ் என்றால் என்ன ஆகும் என்று நீலகிரிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு 1979ல் பாதுகாப்பு கிடைத்தது, தேசியப் பூங்கா ஆனது 2007ல்தான்.

அங்கே தாஹோ ஆற்றங்கரையில் சால்தோ தெல் ஹித்தானோ என்றொரு பெரிய பாறை இருக்கிறது. சாலையோரத்தில் நின்றாலே போதும், யூரேசியப் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், நம் தலைக்கு மேலேயும், கீழே ஆற்றின் மேலேயும் வட்டமடித்துக்கொண்டிருக்கும். மேலிருந்து பாறின் முதுகைப் பார்ப்பது தனி அனுபவம், அதை எழுதிப் புரியவைக்க முடியாது. கரும்பாறுகளின் உலகிலேயே பெரிய கூட்டங்களில் ஒன்றும் அந்தப் பூங்காவில்தான் கூடு கட்டுகிறது. சரி, இத்தனை பாறுகளும் எதைத் தின்கின்றன? செத்த ஆடு மாடுகளைத்தான். மாடுகளைத் தாக்கிய பைத்திய நோய்க்குப் பயந்து ஐரோப்பிய ஒன்றியம் 2002ல் போட்ட விதியால் செத்த கால்நடையை வயலில் விடக்கூடாது, லாரி வந்து அள்ளிப்போய் எரிக்கும் என்றானது. பாறுகள் பட்டினி கிடந்தன. 2007ல் கூட்டமாக பெல்ஜியம் வரை பறந்துபோய் அந்த ஊர்க்காரர்களை வாய் பிளக்க வைத்தன, பசிதான் காரணம் என்றே பலரும் சொன்னார்கள். அப்புறம் 2011ல் விதியைத் தளர்த்தினார்கள். ஆக, மேய்ப்பவர் இல்லையென்றால் பாறு இல்லை. கட்டுரையில் ஒரு வரியாவது இதைச் சொல்லியிருக்கலாம்.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்தால் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சாமல் போனதும், 2006ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்ததும், இன்று தமிழ்நாட்டில் பாறு பார்க்க மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டியிருப்பதும் உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்ததே. இவ்வளவும் நடந்த பிறகு, ஐரோப்பாவின் யூரேசியப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வைத்திருக்கிற ஸ்பெயின் அதே மருந்தை 2013ல் கால்நடைக்கு அனுமதித்தது! மெலோக்சிகாம் என்ற மாற்று மருந்து இருந்தும்தான். 2020ல் கத்தலோனியாவில் செத்துக் கிடந்த ஒரு கரும்பாறின் உடலில் டைக்ளோஃபினாக் இருந்தது உறுதியானது. நம் அனுபவத்தை அங்கே போகிறவர்களாவது அந்த ஊர்க்காரர்களிடம் பேச வேண்டும். நான் பேசினேன், எங்கள் வழிகாட்டி பெண்மணிக்கு இந்தியாவின் கதை என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

வழிகாட்டி என்றதும் இன்னொன்று. "நீங்களே வண்டி எடுத்துக்கொண்டு சுற்றலாம், வழிகாட்டி வீண் செலவு" என்று கட்டுரையாளர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாறைக்கு வேண்டுமானால் யாரும் வேண்டாம். ஆனால் த்ருஹியோ ஊரைச் சுற்றிய புல்வெளியில் பெருங்கானமயிலை, அதாவது நம் ஊர்ப் புல்வெளிப் பறவையான கானமயிலின் உறவுக்காரனை, தேட வேண்டுமென்றால் தெரிந்தவர் துணை வேண்டும். ஆண் பறவை 15 கிலோவரை போகும், ஆனாலும் கோதுமைப் பயிருக்குள் நின்றால் தெரியாது. வண்டியை விட்டு இறங்கினால் விலகி நடக்கத் தொடங்கிவிடும், அதனால் உள்ளே உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். எந்தப் பாதையில் போகலாம், எந்த நிலம் யாருடையது, எந்த ஆட்டுப்பட்டிக் கதவைத் திறந்தால் மறக்காமல் சாத்த வேண்டும் என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். படத்துக்காகக் கூட்டருகே கூட்டிப்போகிறேன் என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். அந்தப் புல்வெளியிலேயே மழையை நம்பிய கோதுமைக்குப் பதில் நீர் பாய்ச்சும் ஆலிவ், பாதாம் தோப்புகள் வந்துகொண்டிருக்கின்றன, சின்னக் கானமயில் வேகமாகக் குறைந்துவருகிறது. பறவை பார்க்க வருபவரின் பணத்தில் கொஞ்சமாவது அந்த நிலத்துக்காரர் கைக்குப் போனால்தானே அவருக்குக் கோதுமையிலேயே இருக்கத் தோன்றும்? வழிகாட்டியை அமர்த்தும்போதே இதைக் கேளுங்கள், நல்லவர்கள் மழுப்பாமல் பதில் சொல்வார்கள்.

கடைசியாக, ஜூலையில் போகச் சொல்லியிருக்கிறீர்கள், தயவுசெய்து வேண்டாம். 40 டிகிரி வெயிலில் புல் காய்ந்து, பறவைகள் நிழலில் ஒதுங்கி, வேலூரிலேயே இருந்திருக்கலாமே என்று தோன்றிவிடும். நம் பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை முடிகிற ஏப்ரல்தான் அங்கே பூக்கிற மாதம். பெருங்கானமயில் ஆடுவதும், மாதா கோயில் கோபுரங்களில் செங்கால் நாரைகள் அலகைத் தட்டிக்கொண்டு கூட்டில் நிற்பதும், பனங்காடையும் பஞ்சுருட்டானும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்வதும் அப்போதுதான். கொக்குக்கு மட்டும் டிசம்பர், ஜனவரி. சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறிக் குழம்பு என்று கொண்டுவந்து வைப்பதிலும் ஹாமோன் துண்டு மிதக்கும், முன்னாலேயே கேட்டுவிடுங்கள். முட்டை சாப்பிடுபவர்கள் உருளைக்கிழங்கு போட்ட தோர்த்தியா என்ற முட்டை அடையை வைத்து ஒப்பேற்றிவிடலாம். இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு முன்னால் பெரும்பாலும் கிடைக்காது, கையில் கொஞ்சம் முறுக்கு இருப்பது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்