சிராப் நிறத்தில் ஒரு மருந்து

பினாங்கு

அன்புள்ள சாந்தி,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டி முடித்துவிட்டாயா? சரி, இப்போது படி. பிள்ளைகள் சுகம், என் முட்டிவலி அப்படியே. உன் தௌகே சம்பள உயர்வு கொடுத்தாரா இல்லையா என்று பதிலில் எழுது.

அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் திரும்ப வந்துவிட்டது.

கார்போபிளாட்டின் என்கிற பிளாட்டினம் மருந்தும் பக்லிடாக்சலும் சேர்ந்த கீமோ ஆறு முறை ஏற்றி முடித்து, தலையில் முடி ஒரு விரல்கடை வளர்ந்திருந்தது. நாலாம் மாதம் சிஏ-125 ஏறியது, ரத்தத்தில் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் அளவு அது. 35க்குள் இருக்க வேண்டியது, 212. ஸ்கேனிலும் தெரிந்தது. கடைசிப் பிளாட்டினம் ஏற்றி 6 மாதத்துக்குள் திரும்பினால், அந்த மருந்துக்கு மசியாத சினைப்பைப் புற்றுநோய் என்று கணக்காம்.

நான் டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன். ஒன்றுக்கு மசியாவிட்டால் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுப்பதுதானே என்று, கணக்கு வாத்தியாரிடம் நோட்டைப் பிடுங்கிய அதே குரலில். அவர் கோபப்படவில்லை. இந்தக் கட்டத்தில் இரண்டு கீமோவைச் சேர்த்தால் உடம்புதான் கூடுதலாக அடி வாங்கும், ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை என்றார். ஒரு கீமோ போதும், அதற்குத் துணையாகப் பெவாசிசுமாப். கட்டி தனக்கென்று புது ரத்தக்குழாய் இழுத்துக்கொள்ளாமல் தடுக்கிற மருந்து அது.

அவ்ரேலியா என்று ஓர் ஆய்வு, 2014இல் வெளியானது, 361 பெண்கள். வெறும் கீமோவில் நோய் மேலும் முற்றாமல் இருந்தது 3.4 மாதம், பெவாசிசுமாப் சேர்த்தால் 6.7. நடுக்கணக்குதான், பாதிப் பேருக்கு அதற்கும் மேலே. மொத்த ஆயுளில் உறுதியான வித்தியாசம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. மூன்று மாதத்துக்கா இத்தனை பாடு என்று காரில் நான் அழுதேன். அக்கா விரலை மடக்கி எண்ணிவிட்டு, "தீபாவளியிலிருந்து தைப்பூசம் வரைக்கும்டி, சும்மாவா?" என்றாள்.

பக்லிடாக்சலில் விரல்கள் மரத்துப்போனதால் இந்த முறை லிப்போசோமல் டாக்சோரூபிசின். கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த மருந்து, நாலு வாரத்துக்கு ஒரு முறை. பையைத் தொங்கவிட்டதும் பார்த்தேன், அசல் சிராப் நிறம், நாம் குடிக்கிற அந்த ரோஜா சர்பத் சிவப்பு. "ஐஸ் போடலையா?" என்று தாதியிடம் கேட்கிறாள்! உள்ளங்கை சிவந்து உரியலாம் என்பதால் சுடுதண்ணீரும் இறுக்கமான செருப்பும் கூடாது.

எனக்குத் தூக்கம் கெடுவது பெவாசிசுமாபால்தான். ரத்த அழுத்தம் ஏறினால் மாத்திரை இருக்கிறது. ஆனால் அபூர்வமாகக் குடலில் ஓட்டை விழலாமாம். குடலில் நோய் ஒட்டவில்லை என்று ஸ்கேனில் பார்த்த பிறகுதான் தொடங்கினார்கள். இருந்தாலும் போன செவ்வாய் ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவசரப் பிரிவுக்கு ஓடினோம், ஸ்கேன், ரத்தம், எல்லாம் எடுத்தார்கள். ஓட்டை இல்லை. விடியும்போது ஒத்துக்கொள்கிறாள், எனக்குத் தெரியாமல் அசாம் லக்சா, அதுவும் இரண்டு கிண்ணம். அடிக்கக் கை ஓங்கினேன், சாந்தி. பிறகு அங்கேயே உட்கார்ந்து சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை தண்ணீர்மலை முருகனுக்குச் சரம் கட்டும் அவள் விரல்கள் இப்போது நாரைப் பிடித்தால் நழுவ விடுகின்றன. கடைச்சரம் வேண்டாம் என்று பிடிவாதம். நீ கட்டினால் கோணல்தான் என்றாலும் பரவாயில்லையாம், அவளே சொன்னாள். அடுத்த வெள்ளி பஸ் ஏறிவிடு. மல்லிகை நான் வாங்கி வைக்கிறேன்.

உன்,
மல்லிகா