காலிகுலா தோட்டம் சரி, அந்த சலவைத் தொட்டி?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல ரோம் பியாஸ்ஸா பியாவுல ரோடு வேலைக்குத் தோண்டினப்ப கிடைச்சதைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். நான் பதினோரு வருஷமா ரோம்லதான் இருக்கேன், அந்த சதுக்கத்துக்குப் பக்கத்துலயே ஒரு ஹோட்டல் லாண்டரில வேலை, அதனால அந்த வேலை முழுக்க என் கண்ணு முன்னாடி நடந்ததுதான்.

முதல்ல ஒரு திருத்தம். ரோமப் பேரரசர் காலிகுலாவோட அரண்மனை கிடைச்சதுன்னு போட்டிருக்கீங்க. அரண்மனை இல்லைங்க, தோட்டம். 2025 ஜூபிலிக்கு, அதாவது கத்தோலிக்கங்களோட புனித ஆண்டுக்கு, வர்ற கூட்டம் சாந்தாஞ்செலோ கோட்டைலேர்ந்து வத்திக்கான் வரைக்கும் ரோட்டைத் தாண்டாம நடந்தே போகட்டும்னு மேல ஓடின டிராஃபிக்கை சுரங்கப்பாதைக்குள்ள இறக்கினாங்க, அதுக்காக மண்ணுக்கடில இருந்த பைப்லைனை இடம் மாத்தத் தோண்டினப்பதான் டிராவர்டைன் கல்லுல ஒரு பெரிய சுவரும் தூண் மண்டபத்தோட அடித்தளமும் தோட்டம் இருந்த இடமும் வெளிய வந்துச்சு, எல்லாம் டைபர் ஆத்தைப் பாத்தாப்ல. யாரோட தோட்டம்னு காட்டிக் கொடுத்தது ஒரு ஈயக் குழாய். தண்ணி யாருக்குப் போகுதோ அவர் பேரைக் குழாய்லயே அச்சடிக்கிறது அங்க வழக்கம், இதுல கையுஸ் சீசர் அகஸ்டஸ் ஜெர்மானிக்குஸ்னு இருந்துச்சு, அதான் காலிகுலா. அலெக்சாண்டிரியா யூதர்கள் மனு கொடுக்க வந்தப்ப ஆத்தோரத் தோட்டத்துல வெச்சு அவங்களைப் பாத்தார்னு அந்தக் குழுவுலயே இருந்த ஃபைலோ எழுதி வெச்சிருக்கார், அந்தத் தோட்டம் இதுவா இருக்கலாம்ங்கிறாங்க. 2024 ஜூலைல இதை அறிவிச்சாங்க, உலகம் பூரா செய்தி.

தொல்லியல்காரங்க புகுந்தா ரோடு வேலை விளங்காதுன்னு கட்டுரைல ஒரு வரி வருது பாருங்க, அதுவும் இந்த விஷயத்துல சரியில்ல. ஒண்ணரை வருஷத்துக்குக் கிட்ட நான் பஸ்ஸை ஆத்துக்கு அந்தப் பக்கமே விட்டு இறங்கி, பாலத்துல நடந்து, தூசியைத் தின்னுட்டுத்தான் வேலைக்குப் போனேன், திட்டாத நாள் இல்ல. ஆனா 2024 டிசம்பர் 23ஆம் தேதி சதுக்கத்தைத் திறந்துட்டாங்க, மறுநாள் போப் புனிதக் கதவைத் திறந்து ஜூபிலியைத் தொடங்கி வெச்சார். தோண்டி, பதிவு பண்ணி, அப்புறமும் சொன்ன நேரத்துக்கு முடிஞ்சுதா இல்லையா?

இப்ப நான் எழுத வந்ததுக்கு வர்றேன். அந்தத் தோட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே அதே குழியில ஒரு ஃபுல்லோனிகா கிடைச்சுது, ரோமானியர்களோட சலவைக் கூடம். உங்க கட்டுரைல அதுக்கு "சில தொட்டிகளும்"னு ரெண்டே சொல்லு. நாங்க தலைமுறையா துணி வெளுத்த குடும்பம் சார், அந்த ரெண்டு சொல்லைப் படிச்சதும் எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு.

அந்தத் தொட்டிக்குள்ள ஆளு நின்னு காலாலேயே துணியை மிதிச்சுத் துவைக்கணும். சோப்பு கிடையாது, அழுக்கெடுக்க ஒரு மாதிரி களிமண்ணும் பழசான மூத்திரமும்தான். மூத்திரத்துக்கு வெஸ்பாசியன்னு ஒரு பேரரசர் வரியே போட்டார், மகன் டைட்டஸ் சலிச்சுக்கிட்டப்ப காசை மூக்குல காட்டி நாறுதான்னு கேட்டாராம். நாள் பூரா அதுக்குள்ளயே நின்னவன் காலு என்ன ஆயிருக்கும்னு யாரும் கேக்கல. வெள்ளைத் துணின்னா கவுத்த கூடை மாதிரி ஒரு சட்டத்துமேல விரிச்சு அடியில கந்தகம் புகைய விடுவாங்க. இதைப் படிச்சப்ப எனக்கு எங்க அப்பாயி உவர்மண்ணுல முக்கி வெள்ளாவி வெச்சது ஞாபகம் வந்துடுச்சு, அந்த நெடி இன்னைக்கும் மூக்குல இருக்கு. நான் இப்ப மெஷின்ல பட்டனைத் தட்டுறேன், அவ்ளோதான் வித்தியாசம், கை மட்டும் கெமிக்கல்ல அப்படியேதான் வெடிக்குது.

அந்தக் கூடத்தைப் பெயர்த்தெடுத்து சாந்தாஞ்செலோ கோட்டைத் தோட்டத்துல வைக்கிறதா முடிவு பண்ணாங்க. கான்கிரீட்டைக் கொட்டி மூடாம விட்டது நல்லதுதான், ஆனா மெட்ரோ சி லைனுக்குத் தோண்டி 2016ல 39 அறையோட ஒரு படைவீரர் குடியிருப்பு கிடைச்சப்ப அதைக் கழட்டித் திரும்ப அந்த ஸ்டேஷனுக்குள்ளேயே வெச்சாங்களே, சிப்பாய்க்குக் கிடைச்ச இடம் வெளுக்குறவனுக்குக் கிடைக்கலியேன்னு எனக்கு ஒரு ஆதங்கம். சுரங்கப்பாதைக்கு வேற வழி இல்லைன்னு இன்ஜினியருங்க சொல்லுவாங்க, இருக்கலாம்.

அடுத்த இதழ்ல அரண்மனைங்கிறதைத் தோட்டம்னு திருத்திப் போடுங்க. கூட படம் போட இடம் இருந்தா இந்தத் தடவை காலிகுலா சிலை வேண்டாம் சார், அந்தத் தொட்டிகளோட படத்தைப் போடுங்க.

உங்கள் வாசகன்,
ரோம்